நரிவிட்டை தேடிப் போன மூன்று நாள்

வியாழக்கிழமை, காலை 5.50. திருச்சியில் புதுக்கோட்டை பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது என் மடியில் ஒரு மைக்ராஸ்கோப் பெட்டி இருந்தது. தோள்பையில் நாற்பது காலி டப்பா, கையுறை, முகமூடி, இரண்டு புடவை. "என்னம்மா, தையல் மிஷினா?" என்றார் நடத்துநர். "இல்லைங்க, பூச்சி பார்க்கிற கண்ணாடி" என்றேன். அவர் அதற்கு லக்கேஜ் போடவில்லை. நல்ல மனுஷன்.

கால்நடை நோய்களைப் பார்க்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் இருபத்தாறு வருஷமாக டெக்னீஷியன். மாடு, ஆடு, நாய், கோழி எது எங்கே போட்டாலும் டப்பாவில் அடைத்து என் மேசைக்கு வரும். அதில் என்ன பூச்சி, எந்தப் பூச்சியின் முட்டை என்று பார்த்துச் சொல்வேன். வெளியே போய்ப் பொறுக்கி வருவது ஆய்வு மாணவர்களின் பாடு. ஆவுடையார்கோவில் பக்கத்து நரிகளின் குடற்புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த எங்கள் மாணவிக்கு அம்மை போட்டுவிட்டது. "அக்கா, இந்த மாசத்தை விட்டா சாம்பிள் கிடைக்காது, யாராவது போகணுமே" என்று போனில் அழுதாள். "யாராவது என்னடி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு. நரியின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் பார்த்தவள், ஐம்பத்திரண்டு வயதாகியும் ஒரு நரியை நேரில் பார்த்ததில்லை.

புதுக்கோட்டையில் இட்லி, வடை, காபி, எழுபது ரூபாய். அங்கிருந்து அறந்தாங்கி. அறந்தாங்கியில் ஆவுடையார்கோவில் டவுன் பஸ்ஸில் ஏறினால் பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. பதினான்கு கிலோமீட்டரை அரசாங்கச் செலவில் கடந்து பத்தேகாலுக்கு இறங்கினேன். மாசி வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது.

ஆட்டோ நிறுத்தத்தில் கிடைத்தவர் ஜமால். கோட்டைப்பட்டினத்துக்காரர், ஷார்ஜாவில் பதினொரு வருஷம் லாரி ஓட்டியவர். பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருவேலங்குடிக்கு இருநூற்றைம்பது கேட்டார். இருநூறுக்கு இறங்கி வந்தார்.

"கோயிலப் பாக்கலியாக்கா? எல்லாரும் கல்லுத் தாழ்வாரத்தப் பாக்கத்தான் வருவாங்க."

"நான் நரியோட விட்டை பொறுக்க வந்திருக்கேன், தம்பி."

வண்டி ஒரு நொடி தடுமாறியது. திரும்பி என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார். "சரியான ஊருக்குத்தான் வந்திருக்கீங்க. நரியக் குதிரையாக்குன ஊராச்சே" என்றார். சாமி நரிகளைக் குதிரைகளாக்கி ராஜாவிடம் ஒப்படைக்க, அவை ராத்திரியில் மறுபடி நரியாகி லாயத்தைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின என்ற பழங்கதை இந்த ஊருக்கு உரியது. சாமி செய்த வேலைக்கும் அன்றைக்கே நரிக்குத்தான் கெட்ட பெயர்.

பகல் 11 மணி. கருவேலங்குடிக் கண்மாய்க்குக் கிழக்கே, அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்து வைத்தால் நிலத்துக்கு எரு, ஆட்டுக்காரருக்கு நெல். அங்கே எனக்கு வழிகாட்டுவார் என்று மாணவி சொல்லியிருந்த பஞ்சவர்ணம் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் தழை ஒடிக்கிற தொரட்டி. கணவர் சவூதியில். நூற்றி இருபது ஆட்டையும் கட்டி மேய்ப்பது இந்த அம்மாள்தான். காலடியில் இரண்டு காவல் நாய்கள்: ராணி, கருவாயன்.

"வாங்க வாங்க. நரிக்கு மருந்து வைக்க வந்தவங்கதானே?"

"இல்லைங்க, நரிக்கு வயித்துல என்ன பூச்சி இருக்குன்னு பார்க்க வந்தேன்."

பஞ்சவர்ணத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "நல்லாருக்கு போங்க! எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட சனியனுக்கு வைத்தியமா பாக்கப் போறீங்க?"

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. தை பிறந்ததிலிருந்து பதினோரு ஆடு போயிருக்கிறது. நன்றாக மேய்கிற ஆடு திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்க்கும். சாய்த்த பக்கமே செக்குமாடு போலச் சுற்றும். பிறகு கண் தெரியாது, விழும், சாகும். ஊரில் அதற்குச் சுத்து நோவு என்று பெயர். கிடையைச் சுற்றி நரி மூத்திரம் பெய்துவிட்டுப் போவதால் வருகிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கண்மாய்க்கு மேற்கே ஒரு மேடு, அதில் நரி வளை, வளைக்குள் குட்டிகள். சனிக்கிழமை காலை வரத்து வாய்க்கால் வெட்ட ஜேசிபி வருகிறது. போகிற போக்கில் அந்த மேட்டையும் நிரவிவிடச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார் பஞ்சவர்ணத்தின் கொழுந்தன் சின்னையா.

நரியைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்று ஆரம்பித்தேன். பஞ்சவர்ணம் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "பாரஸ்டுக்குச் சொல்லுங்களேன். வருவாங்க, போவாங்க. மறுநா இங்க கறியில குருணை விஷம் வைக்க எத்தன நேரம் ஆகும்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையாவுல்ல இருக்கு, ஆட்டுக்காரிகிட்டயே வந்து நரிக்கு வக்காலத்து வாங்குறது!"

நரிக்காகப் பேசினால் அவர் காதில் ஏறாது. பதினோரு ஆட்டுக்குக் காரணம் எது என்று காட்டினால்தான் உண்டு. அதற்கு எனக்கு இருந்தது சனிக்கிழமை காலை வரைதான்.

"செத்த ஆட்டை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"விக்க மாட்டோம், திங்க மாட்டோம். நோவு கண்ட ஆட்ட வித்தா அந்தப் பாவம் நமக்கு வேணாம். உடம்பப் பொதச்சிருவோம். தலை மட்டும் நாயிக்கு. நரி வராமக் காவல் காக்குதுல்ல, அது நாய்ப்பங்கு. பங்கு குடுக்காட்டி நாய் காவல விட்டுரும்." அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமிதம், ராணியின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

எனக்குப் பொறி தட்டியது. இருபத்தாறு வருஷ வேலை சும்மாவா? ஆனால் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? "அம்மா, உங்க நாய் போடறதையும் எனக்குக் கொஞ்சம் எடுத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். "எதையோ எடுத்துட்டுப் போங்க" என்று அவர் ஆட்டின் பின்னால் போய்விட்டார்.

பிற்பகல் 3.30. மேட்டில் ஒன்பது வளைவாய்கள் இருந்தன. ஓசைப்படாமல், தூரத்திலேயே சுற்றிவந்து, முகமூடியும் கையுறையுமாகப் பதினான்கு விட்டை பொறுக்கினேன். குச்சியால் பிரித்துப் பார்த்தால் நரியின் சாப்பாட்டு இலை முழுக்க அதில் இருக்கிறது: வயல்நண்டின் ஓடு, வண்டின் இறக்கை, எலி மயிர், கறையான், ஏராளமான இலந்தைக்கொட்டை. ஆட்டு மயிர் ஒன்றில்கூட இல்லை. சும்மா சொல்லக்கூடாது, நம்மில் பலரைவிட ஒழுங்கான சாப்பாடு.

கிடையில் நாய்கள் போட்டதையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன். என்னை அழைத்துப்போக வந்த ஜமால்தான் சங்கடத்தில் இருந்தார். "அக்கா, நோன்பு நேரம். பள்ளிவாசலுக்கும் இந்த வண்டியிலதான் போவேன். நரின்னாலும் பரவால்ல, நாய் சமாச்சாரமும் ஏத்துறீங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டப்பாக்களை ஒரு வாளியில் வைத்து, வாளியை இரட்டைப் பையில் கட்டி, பின்கம்பியில் தொங்கவிட்டோம். அன்றிரவு ஆவுடையார்கோவிலில் ஒரு லாட்ஜில் தங்கினேன், அறை அறுநூறு ரூபாய். வாளியை அறைக்குள் விட மாட்டேன் என்றார் மேலாளர். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அது தனியாகத் தூங்கியது.

வெள்ளிக்கிழமை, காலை 8 மணி. முட்டையை மிதக்கவைத்துப் பிடிக்கச் சர்க்கரைக் கரைசல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அது பாட்டிலில் இருக்கும். இங்கே கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போய், "அடுப்பைக் கொஞ்சம் குடுங்க" என்றேன். ஒரு கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் கூடத் தண்ணீர். அவர் வேண்டாவெறுப்பாகக் கிண்டினார்.

"எந்தப் பதத்துக்கு? அதிரசத்துக்கா, கடலை உருண்டைக்கா?"

"கரைஞ்சா போதும்."

"இதுல என்னத்தப் போடப் போறீங்க?"

"நரிவிட்டையை."

"அடியாத்தி!" என்று கரண்டியை விட்டுவிட்டார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

வேலையை வீட்டில் செய்யவில்லை. இந்தப் பூச்சிக் கூட்டத்தில் மனிதருக்குள் கட்டி வளர்க்கிற வகையும் உண்டு, விளையாட்டல்ல. பூட்டிக் கிடந்த பால் சொசைட்டி வாசலில் ஒரு மேசை போட்டேன். கரைசலில் கலக்கி, வடிகட்டி, குழாயில் விளிம்புவரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடி இருபது நிமிஷம் காத்தால், முட்டைகள் மிதந்துவந்து சில்லில் ஒட்டும். பகல் ஒரு மணிக்குள் பதினான்கும் முடிந்தன. நரிக்குப் பூச்சி இல்லாமல் இல்லை. கொக்கிப்புழு முட்டை பலதில் இருந்தது, ஒன்றில் உருண்டைப்புழு. சுத்து நோவுக்குக் காரணமாக நான் சந்தேகப்பட்ட நாடாப்புழுவின் முட்டை ஒன்றிலும் இல்லை.

நாய் டப்பாவைத் திறந்ததும் மைக்ராஸ்கோப்பே தேவைப்படவில்லை. "பஞ்சவர்ணம், இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டேன். ஒரே நாளில் எனக்கும் இங்கிட்டு ஒட்டிக்கொண்டது. ராணி போட்டதன் மேல் வெள்ளை வெள்ளையாக, நனைந்த அவல் போலச் சில துண்டுகள். ஒன்று மெல்ல நெளிந்தது.

"என்னங்க இது?"

"நாடாப்புழுவோட துண்டு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல முட்டை."

ஒன்றை நசுக்கி, சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கேப்பையக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு."

"அதுதான் முட்டை. நாய் வயல்ல போடுது. புல்லோட சேர்த்து ஆடு திங்குது. முட்டை ஆட்டோட மூளைக்குப் போய்க் கட்டியா வளருது. அதான் ஆடு சுத்துது."

"நாய்க்கு எங்கேருந்து வந்துச்சு?"

நான் வாய் திறப்பதற்குள் சின்னையா வயலிலிருந்து ஓடிவந்தார். காலையிலிருந்து இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்த வெள்ளாச்சி என்ற செம்மறி விழுந்துவிட்டது. பன்னிரண்டாவது. நாங்கள் போவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

பஞ்சவர்ணம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "தலைக்குள்ள கட்டி இருக்குன்னீங்கள்ல. காட்டுங்க" என்றார்.

இது நான் செய்யாத வேலை. எனக்கு வருவதெல்லாம் டப்பாவில்தான் வரும். அவரே அரிவாளை எடுத்தார். அவருக்குக் கையுறையும் முகமூடியும் போட்டுவிட்டேன். நான் இடம் காட்டினேன், அவர் வெட்டினார். மண்டையோட்டை எடுத்ததும் மூளையின் இடப்பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நீர்ப்பை. கண்ணாடி போல, உள்ளே தெளிந்த தண்ணீர். தோலின் உட்புறத்தில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுவோட தலை. இந்தப் பையை நாய் தின்னா, அது வயித்துல ஒரு புள்ளிக்கு ஒரு நாடாப்புழு" என்றேன்.

பஞ்சவர்ணம் அரிவாளைக் கீழே போட்டார். "போன வருஷம் செத்த ஆட்டோட தலையிலேருந்து இந்தப் பதினோரு தலை வரைக்கும் நான்தான் போட்டேன்" என்றார். "எங் கையால. பங்கு, பங்குன்னு." "நரி என்ன பண்ணுச்சு? பாவம், நண்டு தின்னுச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாயின் மேல் வைத்த பிரியத்தில் செய்த தப்பு அது. நரியிடமிருந்து காத்ததற்குக் கொடுத்த பரிசுதான் ஆட்டைக் கொன்றிருக்கிறது. "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றேன். அதைவிட நல்லதாக எதுவும் வாயில் வரவில்லை.

"அப்ப நாயத்தான் அடிச்சுப் போடணும்" என்றார் சின்னையா.

பஞ்சவர்ணம் எழுந்த வேகத்தில் நானே இரண்டடி பின்வாங்கினேன். "எவன் அடிக்கிறான்னு பாக்குறேன்! ராணி மேல கை வச்ச, கொழுந்தன்னு பாக்க மாட்டேன். நேத்து நரி, இன்னைக்கு நாயி. ஒனக்கு எதையாச்சும் கொன்னாத்தான் ஆகுமாப்பா?"

"யாரையும் கொல்ல வேண்டாம். மாத்திரை இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை. தலையை மட்டும் இனிமேல் எந்த வாயிலும் படாம ஆழமாப் புதைக்கணும். நாய் வாயிலும் சரி, நரி வாயிலும் சரி" என்றேன். இதையும் சொன்னேன்: பதினான்கு விட்டையை வைத்து உலகத்து நரிக்கெல்லாம் நற்சான்று கொடுக்க நான் தயாரில்லை. நரி அந்தத் தலையைத் தின்றால் நரிக்கும் இதே புழு வரும். சின்னையா நாடாப்புழுத் துண்டையும் நீர்ப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத்தன நாளு யாரும் சொல்லலியே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரியும், நானும்தான் இருபத்தாறு வருஷமாக ஒரு ஆட்டுக்காரரிடமும் வந்து சொல்லவில்லை.

ஜும்மா தொழுதுவிட்டு வந்த ஜமாலை அறந்தாங்கிக்கு அனுப்பினேன். அவர் மாலை ஆறேகாலுக்கு மாத்திரையோடு வந்தார். கூடவே ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி. பாங்கு கேட்டதும் அவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். பால் சொசைட்டிப் படியில் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு நாங்கள் மூன்று பேரும் கஞ்சி குடித்தோம். இஞ்சியும் வெந்தயமும் மணக்கும் அந்தக் கஞ்சியைப் போல ஒன்றை நான் திருச்சியில் குடித்ததில்லை.

"சின்னையா ஜேசிபிக்காரன்ட்ட வேணாம்னு சொல்லிட்டாரா?" என்றார் ஜமால்.

"வண்டி வரட்டும்" என்றார் பஞ்சவர்ணம். லாட்ஜில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை, காலை 6.10. ஜமால் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டை முடித்த கையோடு வந்து என்னை அழைத்துப்போனார். கண்மாய்க்கரையில் ஆட்டோவை அணைத்துவிட்டு, "அக்கா, அங்கிட்டு" என்று மெதுவாகச் சொன்னார். மேட்டின் மேல் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பெரிய காது, கறுத்த வால்நுனி. பின்னால் வளையிலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது, அப்புறம் இன்னொன்று, மொத்தம் நான்கு. தாய் நேராக என்னைப் பார்த்தது. நல்லது நடந்தால் "யார் முகத்துல முழிச்ச, நரி முகத்துலயா?" என்று கேட்போமே, நான் நிஜமாகவே நரி முகத்தில் முழித்தேன். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

7.20. ஜேசிபி புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நரிகள் கண் இமைப்பதற்குள் உள்ளே போய்விட்டன. ஊரில் இருபது முப்பது பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். வண்டி வாய்க்காலைத் தாண்டி மேட்டுப் பக்கம் திரும்பியது. பஞ்சவர்ணம் தொரட்டியோடு போய் அதன் முன்னால் நின்றார்.

"மேட்டத் தொடாத. இங்கிட்டுத் திருப்பு."

"சின்னையா அண்ணன் மேட்டத்தான் சொன்னாரு."

"அண்ணன் சொன்னது நேத்து. ஆட்டுக்காரி சொல்றது இன்னைக்கி. வந்த வண்டி சும்மா போவக் கூடாது. கிடைக்குத் தெக்க, அந்தா அந்தப் பொட்டல்ல எட்டடிக்குக் குழி எடு."

டிரைவர் சின்னையாவைப் பார்த்தார். சின்னையா தலையைச் சொறிந்துகொண்டே, "மதினி சொல்றதச் செய்யி" என்றார். நரி வீட்டை இடிக்க வந்த இரும்புக் கை, அரைமணி நேரத்தில் எட்டடிக் குழியை வெட்டியது. வெள்ளாச்சியின் தலையும் உடம்பும் அதில் முதலில் இறங்கின. மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் மண். மீதிக் குழிக்கு வாய்மூடப் பலகை. சுற்றிலும் கருவேல முள். நான் கைதட்டினேன். கூடியிருந்தவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தட்டினார்கள். ஜமால் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்தார்.

மாத்திரை கொடுப்பதுதான் கடைசி வேலை. ராணி மாத்திரையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜமால் வண்டியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். கோட்டைப்பட்டினத்து வாளைக் கருவாடு. மாத்திரையை அதில் பொதிந்து போட்டால், ராணி ஒரே கவ்வு. கருவாயன் இரண்டாவது துண்டும் கேட்டது. "நாய்ப்பங்கு இனிமே கருவாடுதான்" என்று பஞ்சவர்ணம் அறிவித்தார். மூன்று நாளைக்கு நாய்களைக் கட்டிப்போட்டு, போடுவதையெல்லாம் எரிக்கச் சொன்னேன். "புழுவோட பொணத்தக்கூட விட மாட்டேன்" என்றார்.

10.40க்குக் கிளம்பினேன். ஜமால் இருநூறு ரூபாய் வாங்க மறுத்தார். சட்டைப்பையில் திணித்துவிட்டு பஸ் ஏறினேன். இரண்டரைக்குத் திருச்சி. பதினான்கு டப்பாவும் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

மறுநாள் ஞாயிறு. உறையூரில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் எப்போதும் போல ஆறு நாய்கள் காத்திருந்தன. கடைக்காரர் ஈரலில் கட்டி இருந்த பகுதியை அறுத்து அவற்றிடம் வீசினார். எத்தனை வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டே கறி வாங்கியிருக்கிறேன்! அன்றைக்கு விடவில்லை. கடையிலேயே சண்டை. இப்போது அங்கே மூடிபோட்ட டிரம் ஒன்று இருக்கிறது. என்னைக் கண்டால் கடைக்காரர் முதலில் அதன் மூடியைத்தான் பார்க்கிறார்.

இந்தப் புழு உடனே கணக்கை முடித்துக்கொள்ளாது. முன்பே முட்டையைத் தின்ற ஆடுகளில் அந்த வைகாசிக்குள் இன்னும் மூன்று போயின. ஒவ்வொரு முறையும் பஞ்சவர்ணம் போன் செய்து, "குழியில போட்டுட்டேன் மேடம்" என்று மட்டும் சொல்வார். ஆடியில் போன் வரவில்லை. ஐப்பசியில் வரவில்லை. தையிலும் வரவில்லை.

இந்த மாசியில் ஒரு காலை நேரம், ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது வந்தது. பதினாறாவது ஆடோ என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்ததும் வீடியோவில் கண்மாய்க்கரை தெரிந்தது. ஆடுகள் வரிசையாகக் கரைமேல் வந்துகொண்டிருந்தன, நடுவே போன வருஷத்துக் குட்டிகள், பின்னால் ராணி.

"நல்லாப் பாருங்க மேடம்" என்றது பஞ்சவர்ணத்தின் குரல். "அத்தனையும் நேரா நடக்குது."